குழாயில் ஓடும் ரத்தம் யாருடையது?

யெகோவாவின் சாட்சிகள் பிறர் ரத்தத்தை ஏற்றிக்கொள்வதில்லை. 1945இல் அந்தச் சபை எடுத்த நிலை அது. உயிர் ரத்தத்தில் இருக்கிறது என்னும் லேவியராகமப் போதனையை அவர்கள் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்கிறார்கள். உடலைவிட்டு வெளியேறிய ரத்தத்தை மண்ணில் ஊற்றிவிட வேண்டும், மறுபடி மனிதருக்குள் செலுத்தக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அறுவைச் சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே தன் ரத்தத்தைத் தானே கொடுத்து, பையில் சேமித்து, பிறகு ஏற்றிக்கொள்வதும் அவர்களுக்கு நெடுங்காலம் விலக்காக இருந்தது.

இதய அறுவையில் இந்த நம்பிக்கை ஒரு சிக்கலைச் சந்திக்கிறது. இதயத்தை நிறுத்தி வைத்துப் பழுதுபார்க்க வேண்டுமானால், உடலின் ரத்தம் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். வலது மேலறையில் செருகிய குழாய் வழியாக அது வடிகிறது. ஒரு தேக்கத்தில் சேர்ந்து, பம்பில் உந்தப்பட்டு, ஆக்சிஜனேட்டரில் கரியமில வாயுவை விட்டு ஆக்சிஜனை ஏற்று, வடிகட்டியைக் கடந்து பெருந்தமனிக்குத் திரும்புகிறது. உடலுக்கு வெளியே சில மீட்டர் தூரம் ஓடி வந்த இந்த ரத்தம் நோயாளியைவிட்டு வெளியேறியதா, இல்லையா? பலர் இதற்குக் கண்ட விடை: குழாய் ஒருமுனையில் உடலோடும் மறுமுனையில் உடலோடும் தொடர்ந்து இணைந்திருக்கிறது, ஓட்டம் அறுபடவில்லை, ஆகவே ரத்தம் வெளியேறவில்லை. சபையும் இதை அவரவர் மனசாட்சிக்கே விட்டிருக்கிறது.

வெளியாள் ஒருவருக்கு இது நூலிழை பிளக்கும் வாதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதர் எங்கே முடிகிறார் என்னும் கேள்வியை இவ்வளவு துல்லியமாக, உயிரையே பணயமாக வைத்து, கேட்டவர்கள் குறைவு. ஹூஸ்டன் நகர அறுவை மருத்துவர் டென்டன் கூலி அந்தக் கேள்வியை மதித்தார். அக்காலத்தில் இந்த இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை முதலில் கொடையாளர் ரத்தத்தால் நிரப்பிய பிறகே நோயாளியை இணைப்பார்கள். கூலி 1960களின் தொடக்கத்தில் அதற்குப் பதில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை நிரப்பினார். பிறர் ரத்தம் ஏற்றாமல் சாட்சிகளுக்குச் செய்த 542 அறுவைகளைப் பற்றி அவருடைய குழு 1977இல் கட்டுரை வெளியிட்டது. இன்று உலகெங்கும் பெரியவர்களுக்கான இயந்திரங்களைப் பெரும்பாலும் தெளிந்த உப்புக் கரைசலால்தான் நிரப்புகிறார்கள். ஒரு சிறு சபையாரின் மனசாட்சியை மதிக்கும் முயற்சியும் சேர்ந்து எல்லா மதத்தாருக்கும் பயன் தந்தது.

இதே கேள்வியை ரத்தத்திடம் கேட்டால் வேறு விடை வருகிறது. ஓட்டம் அறுபட்டதா என்று அது பார்ப்பதில்லை. எதைத் தொடுகிறோம் என்பதே அதற்குக் கணக்கு.

ரத்த நாளங்களின் உட்புறம் முழுவதும் எண்டோதீலியம் என்னும் ஒற்றை அடுக்குச் செல்கள் விரிந்திருக்கின்றன. பிறந்தது முதல் ரத்தம் அதைத்தான் அறிந்திருக்கிறது. இயந்திரத்திலோ பிவிசி குழாய்களும் பாலிப்ரோப்பிலீன் இழைகளும் இருக்கின்றன; ஆக்சிஜனேட்டரின் இழைப்பரப்பு மட்டுமே சுமார் 2 சதுர மீட்டர். நிமிடத்துக்கு நான்கு, ஐந்து லிட்டர் ஓடுகிறது. அதாவது உடலின் மொத்த ரத்தமும் ஏறக்குறைய ஒவ்வொரு நிமிடமும் ஒருமுறை அந்தப் பரப்பைத் தொட்டுப் போகிறது. உறைந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். கட்டி உண்டாவதை அது தடுக்கிறது. ஆனால் ரத்தத்தின் மற்ற எதிர்ப்புகளை அதனால் முழுதாக அடக்க முடிவதில்லை.

முதல் சில நொடிகளில் நடப்பதை விளக்கியவர்களில் ஒருவர் லியோ வ்ரோமன். நெதர்லாந்தில் 1915இல் பிறந்தவர். போரில் நாட்டைவிட்டுத் தப்பி, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்து, பின் அமெரிக்காவில் குடியேறினார். டச்சு மொழியின் முக்கியமான கவிஞர். தொழிலில் ரத்த ஆய்வாளர். ரத்தம் அயற்பரப்பைத் தொட்டதும் பிளாஸ்மாவின் புரதங்கள் அதன்மேல் படலமாகப் படிகின்றன. முதலில் படியும் ஃபைப்ரினோஜன் போன்றவற்றைப் பிறகு வேறு புரதங்கள் அகற்றிவிட்டு இடம் பிடிக்கின்றன. இந்த இடமாற்றத்துக்கு இன்று வ்ரோமன் விளைவு என்றே பெயர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. படலம் படிந்துவிட்ட பிறகு வரும் ரத்த அணுக்கள் நெகிழியை நேராகத் தொடுவது குறைவு. அவை தொடுவது தம் ரத்தத்தின் புரதங்களையே. ஆனால் பரப்பில் ஒட்டிய புரதங்கள் மடிப்பு குலைந்து உருமாறியிருக்கின்றன. அவற்றைப் பற்றித் தட்டணுக்கள் கிளர்ச்சியடைகின்றன. பன்னிரண்டாம் உறைவுக் காரணி விழித்துக்கொள்கிறது. அதிலிருந்து கல்லிக்ரீன், பிராடிகைனின் என்று ஒரு தொடர் நகர்கிறது. வெள்ளணுக்கள் சினந்து நாளச் சுவர்களில் ஒட்டுகின்றன. அந்நியன் என்று ரத்தம் எதிர்ப்பதில் பெரும்பகுதி அதன் சொந்த உருமாற்றம்.

நெகிழிக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. அடி வாங்குவது நோயாளியின் நுரையீரலும் சிறுநீரகமும்தான். நாளங்கள் கசிந்து உடல் ஊதுகிறது, காய்ச்சல் வருகிறது, ரத்த அழுத்தம் தாழ்கிறது. இயந்திரம் புதிதாக வந்த காலத்தில், அறுவை வெற்றியாக முடிந்தும் மூச்சுத் திணறி இறந்த நோயாளிகளின் நுரையீரலை ‘பம்ப் லங்’ என்று அழைத்தார்கள். 1981இல் அலபாமாவின் ஜான் கிர்க்லினும் அவருடன் ஆய்ந்தவர்களும், பைபாஸ் என்னும் இந்த இயந்திரச் சுற்று ஓடும்போது நோயாளிகளின் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்னும் புரதத்தொகுதி கிளர்ந்தெழுவதை அளந்து காட்டினார்கள். பெரும்பாலானோர் சில நாட்களில் இந்தப் புயலைக் கடந்துவிடுகிறார்கள். மிகச் சிறு குழந்தைகள், முதியோர், நெடுநேரம் இயந்திரத்தில் இருந்தவர்கள் ஆகியோருக்கு அது கடினமாகிறது.

காம்ப்ளிமென்ட் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ‘நான்’ என்பது என்ன என்னும் கேள்விக்கு உடல் வைத்திருக்கும் மிகப் பழைய விடை அதில் இருக்கிறது.

ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட், நோயெதிர்ப்பு என்பது ‘தான்’ எது, ‘தானல்லாதது’ எது என்று பிரித்தறிவதே என்றார். கருவிலிருக்கும் காலத்தில் உடல் எதைச் சந்திக்கிறதோ அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது; பின்னால் வருவதை அந்நியமாகக் கருதுகிறது என்பது 1949இல் அவர் தன் சக ஆய்வாளர் ஃபெனருடன் எழுதிய நூலின் கருத்து. பீட்டர் மெடவார் குழுவினர் எலிகளில் அதைச் செய்து காட்ட, பர்னெட்டும் மெடவாரும் 1960இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். தத்துவவாதிகளுக்கும் இந்தப் பேச்சு பிடித்துப்போனது. நம்மில் ஒரு ‘தான்’ இருக்கிறது, உடல் அதை நினைவில் வைத்துக் காக்கிறது என்று எண்ணுவதில் ஓர் ஆறுதல் உண்டு.

காம்ப்ளிமென்டுக்கோ அப்படி ஒரு நினைவே கிடையாது. கடல் முள்ளெலிகளிடம்கூட இருக்கும் அளவுக்கு அது பழையது. அதன் நடுநாயகமான சி3 என்னும் புரதம் ரத்தத்தில் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே விழித்துக்கொள்கிறது. எந்தத் தூண்டுதலுக்கும் காத்திருப்பதில்லை. விழித்ததும் அருகிலிருக்கும் எந்தப் பரப்பிலும் ஒட்டும். கிருமியா, தன் செல்லா, நெகிழியா என்று பார்க்காது. ஒட்டிய இடத்தில் மேலும் மேலும் தன்னைப் பெருக்கி, முடிவில் அந்தச் செல்லைத் துளைத்துவிடும். க்ளீவ்லாந்தில் லூயிஸ் பில்லமர் 1954இல் ப்ரோப்பர்டின் என்னும் புரதத்தைக் கண்டறிந்து, ஆன்டிபாடிகளின் துணையின்றியே காம்ப்ளிமென்ட் கிளம்ப முடியும் என்று எழுதியபோது பலர் நம்பவில்லை. 1957இல் அவர் இறந்தார். அவர் சொன்னது சரி என்று ஏற்கப்பட்டது அதற்கும் பிறகுதான்.

அப்படியானால் நம் செல்கள் எப்படிப் பிழைக்கின்றன? மழை எல்லார்மேலும் பெய்கிறது. குடை உள்ளவர் நனைவதில்லை. சிடி55, சிடி59 போன்ற புரதங்களை நம் செல்கள் தம் மேற்பரப்பில் ஏந்தியிருக்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் ஃபேக்டர் ஹெச் என்னும் புரதத்தையும் தம்மீது இழுத்து வைத்துக்கொள்கின்றன. ஒட்டிய சி3 தொடங்கும் தாக்குதலை இவை கணந்தோறும் முறிக்கின்றன. நெகிழிக்குக் குடை இல்லை, அவ்வளவுதான். பைபாஸின்போது உடல் புதிதாக ஒரு பகைவனைக் கண்டுபிடிப்பதில்லை. எப்போதும் பெய்துகொண்டிருந்த ஒன்று தடுப்பாரில்லாத பரப்பில் விழுகிறது.

குடையைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். பிஎன்ஹெச் என்னும் அரிய நோயில், எலும்பு மஜ்ஜையில் நேரும் ஒரு மரபணு மாற்றத்தால் சிவப்பணுக்கள் சிடி55, சிடி59 இல்லாமல் பிறக்கின்றன. மற்ற எல்லாவகையிலும் அவை அந்த மனிதரின் சொந்த அணுக்கள்தான். ஆனாலும் அவருடைய காம்ப்ளிமென்ட் அவற்றை உடைத்துத் தள்ளுகிறது; சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியும், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியும் ஃபேக்டர் ஹெச்சைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை வளர்த்து வைத்திருக்கின்றன. திருடிய குடையோடு அவை ரத்தத்தில் உலவுகின்றன. பிஎன்ஹெச் நோயாளிகளுக்காக 2007இல் அனுமதி பெற்ற எக்குலிசுமாப் மருந்து காம்ப்ளிமென்டின் கடைசிக் கட்டத்தை நிறுத்துகிறது. சிவப்பணுக்கள் பிழைக்கின்றன. அதே மருந்தால் மெனிஞ்சோகாக்கஸ் தொற்று வரும் ஆபத்து பன்மடங்கு கூடுவதால், முன்கூட்டியே தடுப்பூசி போட்டாக வேண்டியிருக்கிறது.

உடலின் இந்த ஆழத்தில் ‘தன்னுடையது’ என்பது ஒருமுறை எழுதி வைத்த உரிமைப் பத்திரமாக இல்லை. ஒவ்வொரு நொடியும் புதுப்பிக்கப்படும் ஓர் அடக்கமாக இருக்கிறது. தாக்குதல்தான் இயல்புநிலை, தாக்காமல் விடுவதற்கே உழைப்பு தேவைப்படுகிறது. சொந்தம் என்பதை உடைமையாக எண்ணிப் பழகிய சிந்தனைகளுக்கு, அது சமயச் சிந்தனையானாலும் சரி, இது எளிதில் செரிக்காது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதை நிறுவ வேறு வழியில் போனார். இது நானில்லை, அது நானில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளும்போது, தள்ளுகிற ஒன்று எஞ்சி நிற்கிறது. என் வீடு என்பதுபோல என் உடல் என்கிறவர் அந்த உடலுக்கு வேறானவர். ஆழ்ந்த உறக்கத்தில் உடல் இருந்தும் நுகர்ச்சியும் செயலும் இல்லை. ஆகவே உடலே உயிரென்பது பொருந்தாது. அவர் உடலை ஓர் இயந்திரமாகவே குறிப்பிடுகிறார் என்பது இன்றைய வாசகரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

பைபாஸ் மேசையில் படுத்திருப்பவரிடம் இந்த வாதத்தைப் பொருத்திப் பார்ப்பது நியாயமானது. மயக்க மருந்தால் அறிவு ஒடுங்கியிருக்கிறது. பொட்டாசியம் கலந்த கரைசல் இதயத்தை நிறுத்தியிருக்கிறது. உறக்கத்தில் எஞ்சும் மூச்சும் இங்கே இல்லை. ‘என் உடல்’ என்று சொல்பவர் பேச்சற்றுப்போன அந்த நேரத்தில்தான் ரத்தம் ‘இது நானில்லை’ என்று நெகிழியோடு மல்லுக்கு நிற்கிறது. தள்ளுவது நடக்கிறது, தள்ளுகிறவர் இல்லை. மெய்கண்டாரின் முதல் சான்றுக்கு இது ஒரு சோதனை. ஆனால் சைவ சித்தாந்தம் இதில் தோற்றுவிடுவதாகச் சொல்ல முடியாது. சி3 எதையும் மறுப்பதில்லை. அதற்கு மறுக்கத் தெரியாது, ஒட்டத்தான் தெரியும். அறிந்து மறுப்பதும் அறியாமல் தாக்குவதும் வெவ்வேறு. நோயெதிர்ப்பியலார் ‘தான்’ என்று அழைத்ததும் மெய்கண்டார் ஆன்மா என்று அழைத்ததும் ஒன்றே என்று எண்ணிக் குழப்பிக்கொள்வதுதான் தவறு. உடல் தனக்கென வைத்திருக்கும் எல்லைக்கு அறிபவர் யாரும் வேண்டியதில்லை என்பதை இந்த இயந்திரம் காட்டியிருக்கிறது. அறிபவர் ஒருவர் இல்லை என்று அது காட்டவில்லை.

நெகிழியே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று மினியாபொலிஸில் அறுவை மருத்துவர் வால்டன் லில்லெஹை யோசித்ததுபோல் இருந்தது 1954இன் அறுவை. அவருடைய நோக்கம் அழற்சியைத் தவிர்ப்பது அல்ல. நம்பத்தக்க ஆக்சிஜனேட்டர் அப்போது அவரிடம் இல்லை. ஆகவே ஒரு மனிதரையே ஆக்சிஜனேட்டராக்கினார். மார்ச் 26 அன்று, பதின்மூன்று மாதக் குழந்தையின் ரத்தம் பக்கத்து மேசையில் படுத்திருந்த தந்தையின் உடலுக்குள் போய், அவருடைய நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றுத் திரும்பியது. குழந்தையின் இதயத்தில் இருந்த துளை அடைக்கப்பட்டது. பதினோராம் நாள் நிமோனியாவில் அந்தக் குழந்தை இறந்தது. ஆனாலும் பெற்றோர்கள் முன்வந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் 45 பேருக்கு இம்முறையில் அறுவை நடந்தது. 28 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். கொடையாளர் யாரும் சாகவில்லை, ஒரு தாய்க்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. ஓர் அறுவையில் இருவர் சாகக்கூடும் என்று கண்டித்தவர்களின் அச்சம் வெற்றுப் பேச்சாக இருக்கவில்லை. ரத்த வகை பொருந்திய தந்தையின் நாளச் சுவர்கள், குழந்தையின் ரத்தத்துக்கு எந்த நெகிழியையும்விட நெருக்கமானவை. தன் உடலின் எல்லையைத் தன் பிள்ளைக்காகத் திறந்து கொடுப்பது என்பதை அந்தப் பெற்றோர்கள் செய்த அளவுக்கு நேர்ப்பொருளில் வேறு யாரும் செய்ததில்லை.

பிறகு ஆக்சிஜனேட்டர்கள் தேறின. பெற்றோரைப் படுக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. ரத்தத்தின் சீற்றத்தை மருந்தால் அடக்கும் முயற்சிகள் தொடங்கின. அவற்றின் கதை அடக்கமாக இருக்கக் கற்றுத் தரும் கதை. சி5 என்னும் காம்ப்ளிமென்ட் புரதத்தைத் தடுக்கும் பெக்செலிசுமாப் மருந்தை மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். முதன்மை இலக்கை அது எட்டவில்லை. நெதர்லாந்தில் 4,494 நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. 18 நாடுகளில் 7,507 பேருக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. ஸ்டீராய்டு அழற்சியைக் குறைக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இரு ஆய்வுகளிலும் இறப்போ பெரிய சிக்கல்களோ தெளிவாகக் குறையவில்லை. இயந்திரமே இல்லாமல் துடிக்கும் இதயத்தில் செய்யும் இதயத் தமனி பைபாஸ் அறுவையை வழக்கமான முறையோடு 4,752 பேரிடம் ஒப்பிட்ட ஆய்விலும் முப்பது நாள் முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. மார்பெலும்பைப் பிளப்பதே உடலுக்கு ஒரு காயம். இயந்திரத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

காயத்தை ஆற்றுவதும் கிருமியைத் தடுப்பதும் இதே அழற்சிதான். நெகிழியைக் கண்டு தவறாகச் சீறிய பகுதியை மட்டும் நறுக்கி எடுக்க வழி தெரியவில்லை. ஆகவே மருத்துவர்கள் வேறு பக்கமிருந்து நெருங்குகிறார்கள். குழாய்களை நீளம் குறைக்கிறார்கள். ரத்தம் காற்றோடு கலப்பதைத் தவிர்க்கிறார்கள். நெகிழியின் உட்புறத்தில் ஹெப்பாரின் பூசுகிறார்கள். நாளச் சுவரில் இயல்பாக இருக்கும் மூலக்கூறுகளுக்கு அது உறவானது. அதாவது நெகிழிக்கும் ஒரு குடை தருகிறார்கள்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. மெய்கண்டாரின் பக்கம் நிற்பவர்கள் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதய அறுவை முடிந்த முதியவர்களில் கணிசமானோருக்கு ஓரிரு நாட்கள் சித்தப்பிரமை உண்டாகிறது. இரவும் பகலும் குழம்புகிறது. செவிலியரைக் கொல்ல வந்தவராக எண்ணுகிறார்கள். உயிர் காக்கும் குழாய்களைப் பிடுங்குகிறார்கள். காரணங்கள் பல, உடலெங்கும் பரவிய அழற்சி மூளையைத் தொடுவதும் அவற்றில் ஒன்று என்று கருதப்படுகிறது. அறிபவர் உடலுக்கு வேறென்றால், ரத்தத்தின் சீற்றம் அவரை எப்படிக் கலக்குகிறது?

சித்தாந்தம் இதற்கு விடை வைத்திருக்கிறது. உயிர் தனித்து அறிவதில்லை, கருவிகள் வழியாகவே அறிகிறது. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடுவது அதன் இயல்பு. கலங்கிய கருவியைச் சார்ந்த உயிர் கலங்கியே தோன்றும். முரண்பாடில்லாத விடைதான் இது. சோதித்துப் பார்க்க இடம் தராத விடையும்கூட. ஆய்வுக்கூடத்திடமிருந்து ஒப்புதல் வாங்கித்தான் இது நிலைக்க வேண்டும் என்றில்லை. ஆய்வுக்கூடம் இதை மெய்ப்பித்துவிட்டது என்று மேடையில் முழங்குவதும் முறையில்லை. 2015இன் ஸ்டீராய்டு ஆய்வில் இந்தக் குழப்பமும் குறையவில்லை. மருத்துவமனையில் கிடக்கும் முதியவர்களுக்குச் சித்தப்பிரமை வராமல் தடுப்பதில் மருந்துகளைவிட நல்ல சான்று உள்ளவை வேறு: மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கூடிய விரைவில் திருப்பிக் கொடுப்பது, பகலில் வெளிச்சமும் இரவில் உறக்கமும் கிடைக்கச் செய்வது, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது, வீட்டாரைப் பக்கத்தில் உட்கார வைப்பது.